கவ்வால்: பாடுவோனா, சொல்வோனா?

'கவ்வாலி' என்றதும் ஆர்மோனியமும் டோலக்கும் கைதட்டலும் நம் செவியில் எழுகின்றன. சொல்லின் பிறப்பிலோ இவற்றுள் ஒன்றுமில்லை. அரபியில் 'கவ்ல்' என்றால் கூற்று. அதனடியாகத் தோன்றியது 'கவ்வால்'. நடுவெழுத்து இரட்டிக்கும் இவ்வாய்பாடு தொழிலையும் குறிக்கும். நஜ்ஜார் தச்சர், கய்யாத் தையற்காரர். ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் மிகுதியையும் குறிக்கும். ஆகவே கவ்வால் என்பவர் சொல்லுதலையே தொழிலாகக் கொண்டவர். மீண்டும் மீண்டும் சொல்பவர். ஈற்று 'ஈ' பாரசீகர் ஒட்டியது.

பாட்டுக்கு அரபியில் 'கினா' என்னும் சொல் இல்லாமலில்லை, பாடகன் 'முகன்னீ'. அதை விடுத்துச் 'சொல்பவன்' என்றது ஏன்? பாட்டை மறுக்கும் ஆலிம்களின் கண்ணை மறைக்க இட்ட திரை இது என்பாருளர். பெயரை மாற்றுவதால் பண்டம் மாறாது என்பது ஃபிக்ஹு பயின்ற எவரும் அறிந்த உண்மை. அவ்வளவில் அவர்கள் கூற்றை நாமும் ஏற்கிறோம். ஆயினும் இவ்வழக்கு தில்லியில் மட்டும் உள்ளதன்று. லெபனானில் ஸஜல் என்னும் கவிப்போரில் ஆசுகவி பாடுவோரும் கவ்வாலே. அவர்களுக்கு எந்த முஃப்தியிடமும் எதையும் மறைக்க வேண்டிய தேவையில்லை. பாரசீகரின் 'கூயந்தா'வும் சொல்பவன், பாடுபவன் இரண்டையும் குறிக்கும். தமிழிலோ, பண்ணோடு தேவாரம் பாடுவோர் 'ஓதுவார்'. நம் இல்லங்களில் ராகமிட்டே மவ்லூது நிகழ்ந்தாலும் அதைப் பாடினோம் என்று யாரும் சொல்வதில்லை, ஓதினோம் என்கிறோம். எங்கே சொல் தலைமை தாங்கி இசை அதற்கு ஊழியம் செய்கிறதோ, அங்கே மொழிகள் இவ்வாறு பெயரிடுகின்றன. எனவே இப்பெயரைத் திரை எனக் கொள்வதினும் கடன் எனக் கொள்வதே பொருந்தும். சொல்வேன் என்று பெயர் பூண்டவர் சொல்லியாக வேண்டும்.

சொல்லி முடிந்தது என்பதை யார் அறிவிப்பது? கேட்பவரே. சூஃபிகள் இந்த மஜ்லிஸை 'ஸமாஃ', அதாவது கேட்டல் என்றே வழங்கினர். தில்லியில் 1235-இல் ஹஜ்ரத் குத்புத்தீன் பக்தியார் காக்கி (ரஹ்) அவர்கள் அஹ்மத் ஜாமின் ஓர் அடியைக் கேட்டுத் தம்மை மறந்தார்கள். கவ்வால்கள் அவ்வடியையே நாட்கணக்கில் திரும்பச் சொன்னார்கள். தொழுகை வேளையில் தெளிந்து தொழுவதும் மீண்டும் அந்நிலை எய்துவதுமாக இருந்து, அதிலேயே அவர்கள் மறைந்தார்கள். இன்றும் நல்ல கவ்வால், ஓரடி எவர் உள்ளத்தைத் தொட்டதோ அவரை விட்டுக் கண்ணெடுப்பதில்லை. அவர் அடங்கும்வரை அடுத்த அடிக்குச் செல்வதில்லை. அந்த இரட்டித்த எழுத்தின் பொருள் இதுதான் போலும்!

அவர்களின் ஞானவழியில் வந்த ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்கள் நான்கைச் சீர்தூக்கினார்கள்: சொல்பவர், சொல்லப்படுவது, கேட்பவர், கருவி. தந்திக்கருவிகளை விலக்கினார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தம் இஹ்யாவில் இதற்கெனத் தனி நூற்பகுதி வகுத்து, கேட்போரின் நிலைக்கேற்பத் தீர்ப்பை வேறுபடுத்தினார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியம் பின்னாளில் மஜ்லிஸின் நடுவில் அமர்ந்தது தனிக்கதை.

இசைத்தட்டு வந்தபோது நிகழ்ந்த மாற்றம் அதனினும் பெரிது. பழைய தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடம். எத்தனை முறை திருப்பிச் சொல்வது என்பதை அங்கே கேட்பவரின் உள்ளம் தீர்மானிக்கவில்லை, தட்டின் விட்டம் தீர்மானித்தது. 1960-இல் வந்த 'பர்ஸாத் கீ ராத்' என்னும் இந்திப்படத்தின் கவ்வாலி சொல்லழகில் குறைந்ததன்று. ஆனால் அது இரு அணிகளின் போட்டி. வெல்வதற்காகச் சொல்வது வேறு, ஒருவர் நெஞ்சில் இறங்குவதற்காகச் சொல்வது வேறு.

நம்மவர் செய்தி இனி. கந்தூரிக்கும் திருமணத்திற்கும் உருது கவ்வாலிக் குழுக்களை அழைக்கிறோம். கேட்போரில் பலருக்கு ஒரு வரியும் விளங்குவதில்லை; தாளத்திற்குத் தலையசைக்கிறார்கள். "குர்ஆனையும் பொருள் விளங்காமல்தானே ஓதுகிறோம்?" எனக் கேட்கலாம். அது இறைவாக்கு, அதன் எழுத்துக்கே நன்மை உண்டென்று மார்க்கம் கூறுகிறது. கவ்வாலியின் எழுத்துக்கு அத்தகைய வாக்குறுதி ஏதுமில்லை. அதை ஆகுமென்ற பெரியோர் அனைவரும் அதன் பொருளையும் கேட்பவரின் உள்ளத்தையும் காட்டியே ஆகுமென்றனர். பொருளை நீக்கிவிட்டால் அவர்கள் அளித்த அனுமதியும் உடன் நீங்கிவிடுகிறது. எஞ்சுவது கினா, அதன் தீர்ப்பும் கினாவின் தீர்ப்பே.

மேடையேறும் குழு ஒவ்வோர் அடியையும் தொடங்குமுன் அதன் கருத்தைத் தமிழில் இரண்டு வாக்கியமாவது கூறட்டும். கூறத் தெரிந்த ஒருவரை உடன் அமர்த்துவது விழா நடத்துவோருக்குப் பெருஞ்செலவன்று. அதற்கு இசையாத குழுவைப் பாட்டுக் கச்சேரி என்றே அழைப்பிதழில் அச்சிடலாம். அதில் அவர்களுக்கும் இழிவில்லை.