மறு கை யாருக்கு?



1926ஆம் ஆண்டு அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் ஓர் இயக்கத்தை ஆரம்பித்தனர். தகப்பனும் மகனும் இணைந்தே அதில் சேர வேண்டும். கூடாரமடித்துத் தங்குவதும் இணைந்தே. ஒஜிப்வே பழங்குடியினரிடையே மகனை வளர்ப்பவர் தகப்பனே என்று, அம்மக்களில் ஒருவரான ஜோ பிறைடே சொன்னதே அதற்கு வித்து.

நம் நாட்டில் 1912இல் மாத்தளையில் தொடங்கிய சாரணியம் வேறு வகை. அதில் மகன் பாசறைக்குப் போவான். தகப்பன் வழியனுப்பிவிட்டு வீடு திரும்புவார்.

உடுப்பிட்டியில் தந்தையரும் மைந்தரும் கூடும் பாசறை ஒன்றை நாம் அமைத்தால் என்ன? உடனே ஒரு கேள்வி எழும். 2009இல் முடிந்த போர் பல தகப்பன்மாரைக் கொண்டுபோயிற்று. வெளிநாட்டு உழைப்பு இன்னும் பலரைப் பிரித்து வைத்திருக்கிறது. "தகப்பனோடு வா" என்று அழைப்பது, தகப்பனற்ற சிறுவனை வாசலிலே நிறுத்துவதாகாதா?

நியாயமான கேள்விதான். ஆனால், அதற்காகப் பாசறையே வேண்டாம் என்றால், அச்சிறுவனுக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை, மற்றவனும் இழப்பான். ஆகவே, மகனைக் கைப்பிடித்து வரும் தகப்பன், மறு கையை அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கட்டும். இருவருமாகக் கூடாரக் கயிறு கட்டட்டும். விறகடுப்பில் தேநீர் காய்ச்சட்டும். சொந்த மகனுக்கு இதனால் நட்டமா? இல்லை. தகப்பன் என்பவர் யார் என்பதை அவன் அன்றுதான் முழுமையாகக் கற்றுக்கொள்வான்.