வறண்ட நாளின் வாசிப்பு

இறைவார்த்தையை நாள்தோறும் வாசிக்க வேண்டும் என்பதை மறுக்கும் கிறிஸ்தவர் இலர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டு வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டின் 25-ஆம் பத்தி, இதனைக் குருக்கள், துறவியரோடு எல்லா விசுவாசிகளுக்கும் உரிய கடமையாக வலியுறுத்துகிறது. சிக்கல் கொள்கையில் இல்லை. ஆர்வத்தோடு தொடங்கிய வாசிப்பு பத்தாம் நாளோ இருபதாம் நாளோ வறண்டுவிடுகிறது. அன்றும் நூலைத் திறப்பது நேர்மையா? மனம் ஒன்றாமல் வாசிப்பது வெறும் சடங்காகாதா? இந்த ஐயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. உதட்டளவில் போற்றிய மக்களை எசாயாவும், அவரை எடுத்துக்காட்டி ஆண்டவரும் கடிந்துகொண்டதை நாம் அறிவோம்.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய ஒழுங்குநூலின் 48-ஆம் அதிகாரம் இங்கு நமக்குத் துணை நிற்கிறது. தவக்காலத் தொடக்கத்தில் துறவி ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் தரப்படும். அதை முதலிலிருந்து வரிசையாக, முழுவதும் படிக்க வேண்டும். வாசிப்பு நேரத்தில் மூத்தோர் ஓரிருவர் மடத்தைச் சுற்றிவந்து, சோம்பியிருப்போரும் வீண்பேச்சுப் பேசுவோரும் உண்டா எனப் பார்க்க வேண்டும். உலகையே துறந்து வந்தவர்களுக்கும் காவல்! மனித உள்ளம் சலிக்கும் என்பதை அந்தத் தந்தை முன்னரே அறிந்து, அதற்கேற்ப ஒழுங்கு வகுத்தார்.

வரிசையாக, முழுவதும் என்ற இரண்டையும் நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். மனம் விரும்பும்போது மட்டும் திறப்பவர் மனம் விரும்பும் பக்கத்தையே திறப்பார். கள்ளத் தராசு வைத்த வணிகரை ஆமோஸ் சாடும் பகுதியை எந்தக் கடைக்காரர் தேடிப் படிப்பார்? (தங்களையே மேய்த்துக்கொள்ளும் ஆயர்களைப் பற்றிய எசேக்கியேல் 34-ஆம் அதிகாரம் குருக்களுக்கும் உவப்பான பகுதியன்று.) இவ்வாறு தேர்ந்து தேர்ந்து வாசித்தால் நம் காதில் விழுவது நம் குரலின் எதிரொலியே. வரிசையோ நம் விருப்பத்தைக் கேட்பதில்லை.

புனித அகுஸ்தினார் 386-ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டத்தில் நூலைத் திறந்து, கண்ணில் பட்ட ஒரே பகுதியால் மனம் மாறவில்லையா என்று கேட்கலாம். ஆண்டுப் பிறப்பன்று கண்ணை மூடி வசனம் எடுப்போர் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அதற்குச் சற்று முன்பு, அவரைக் காண வந்த ஒருவர் மேசைமேல் பவுலின் திருமுகங்கள் கிடப்பதைக் கண்டு வியந்தார் என்றும், தாம் அவற்றை மிகுந்த கவனத்தோடு படித்துவருவதாக அவரிடம் சொன்னதாகவும் அகுஸ்தினாரே தம் தன்வரலாற்று நூலில் குறிப்பிடுகிறார். உழுது வைத்த நிலத்தில்தான் அந்த மழை பெய்தது.

ஆகவே தொடங்குவோர் பெருந்திட்டம் தீட்ட வேண்டியதில்லை. மாற்கு நற்செய்தியில் 16 அதிகாரங்களே உள்ளன. நாளுக்கு ஒன்று, கால்மணி நேரம், நாள்தோறும் அதே வேளையில். விடியுமுன் வயலுக்கோ கடலுக்கோ செல்வோருக்கு இரவே ஏற்றது.

இனி, உணர்வில்லாமல் வாசிப்பது பொய்யாகுமா என்ற கேள்வி. திருப்புகழ்மாலையில் வெள்ளிதோறும் இரவு செபத்திற்கு வரும் திருப்பாடல் 88. புலம்பல் பாடல்கள் பலவும் இறுதியில் நம்பிக்கைக்குத் திரும்பும்; இதுவோ இருளிலேயே முடிகிறது. திருமண விருந்துண்டு மகிழ்ச்சியோடு திரும்பிய குருவும் அன்றிரவு அதையே சொல்ல வேண்டும். அவர் உள்ளத்தில் அந்த இருள் இல்லை. ஆனால் அதே வேளையில் அரசு மருத்துவமனைத் தாழ்வாரத்தில், உள்ளே கிடக்கும் மகனுக்காகக் காத்திருக்கும் தாய் ஒருத்திக்குச் செபிக்க ஒரு சொல்லும் வராமல் இருக்கலாம். அவளை அவர் அறியார். அவளுக்குரிய சொற்கள் அவர் வாயில் இருக்கின்றன.