சீட்டின் படமும் உள்ளத்தின் குரலும்

 

ஒரு தாய் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகள் படித்து, வேலை பார்ப்பவள். ஐவேளைத் தொழுகையை விடாதவள். நல்ல இடத்திலிருந்து சம்பந்தம் வந்தது. பெண்ணும் சம்மதித்திருந்தாள். இந்நிலையில் உடன் வேலை பார்க்கும் தோழியொருத்தி 'டேரட்' என்னும் சீட்டுக்கட்டை விரித்து, மூன்று சீட்டுகளை எடுக்கச் சொல்லியிருக்கிறாள். அவற்றில் ஒன்றில், மூன்று வாட்கள் பாய்ந்த ஓர் இதயத்தின் படம் இருந்ததாம். அன்று முதல், "உம்மா, எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்கிறாளாம்.

தாய் கண்டித்தபோது மகள் சொன்ன பதிலே நம்மை எழுதத் தூண்டியது. "இது ஜோசியமில்லை உம்மா. நாளைக்கு நடப்பதை யாரும் சொல்லவில்லை. படம் ஓர் அடையாளம், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் என் மனசில் என்ன பட்டதோ, அதைத்தான் எடுத்துக்கொண்டேன்."

இந்தப் பதிலை 'ஹராம்' என்ற ஒரு சொல்லால் அடித்துத் தள்ளிவிடலாம். அதனால் பிள்ளையின் வாய் மூடுமே தவிர, உள்ளம் தெளியாது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் அந்தப் படம் எங்கிருந்து வந்தது? சீட்டாட்டம் ஐரோப்பாவுக்குப் போனதே முஸ்லிம் நாடுகளின் வழியாகத்தான். எகிப்தை மம்லூக் சுல்தான்கள் ஆண்ட காலத்துச் சீட்டுக்கட்டு ஒன்று இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் இன்றும் இருக்கிறது. கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை ஆகியவை அதன் நான்கு இனங்கள். அரசன், நாயிப் என்ற பதவிப் பெயர்கள் எழுத்தில் இருக்குமே அன்றி, மனித உருவம் அதில் கிடையாது. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பிரபுக்கள் இத்தகைய கட்டோடு 22 படச் சீட்டுகளைச் சேர்த்து, 78 சீட்டு கொண்ட ஓர் ஆட்டம் ஆடினார்கள். டேரட் என்பது அதுதான். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அது பெரும்பாலும் பொழுதுபோக்காகவே இருந்து வந்தது.

1781-இல் பாரிஸில் கூர் தெ ஜெபலான் என்ற பிரெஞ்சுக்காரர், இது பண்டை எகிப்தியர் மறைத்து வைத்த ஞான நூல் என்று எழுதினார். எகிப்தியரின் சித்திர எழுத்தை எவராலும் படிக்க முடியாதிருந்த காலம் அது! ஷாம்போலியோன் அதைப் படித்துக் காட்டியது 1822-இல்தான். படிக்கத் தெரியாத மொழியின் ஞானத்தை விளையாட்டுச் சீட்டில் கண்டுபிடித்த மகானுபாவரை என்னவென்று சொல்வது!

அந்தப் பெண்ணைக் கலங்கடித்த படத்தின் வயது இன்னும் குறைவு. பழைய ஆட்டச் சீட்டுகள் பெரும்பாலானவற்றில் அந்த இடத்தில் வெறும் மூன்று வாட்களே உண்டு. 1909-இல் லண்டனில் வெயிட் என்பவருக்காகப் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியப் பெண்மணி வரைந்த கட்டே இன்று உலகெங்கும் விற்கிறது. வாட்கள் பாய்ந்த இதயத்தை அப்பெண்மணி வரைந்தார். அதற்கு 'துயரம்' என்ற பொருளை மனிதர்கள் சூட்டினார்கள். ஆக, நம் பெண் கேட்டது தன் உள்ளத்தின் குரலை மட்டுமா? அந்நியர் ஒருவர் தீட்டிய துயரத்தை அவள் கண்ணெதிரே வைத்து, 'உனக்கு என்ன தோன்றுகிறது?' என்று கேட்டால் வேறு என்ன தோன்றும்?

இனி மார்க்கத்துக்கு வருவோம். அறியாமைக் கால அரபிகளிடம் 'அஸ்லாம்' எனப்படும் குறி அம்புகள் இருந்தன. பயணமோ, திருமணமோ, பழிவாங்கலோ எதுவாயினும் அம்பை உருவிப் பார்த்தே துணிவார்கள். மதுவோடும் சூதோடும் சேர்த்து, இதையும் ஷைத்தானின் அசுத்தச் செயலென்று திருமறை (5:90) விலக்கியது. மக்கா வெற்றியின்போது கஃபாவினுள் நபி இப்றாஹீம் (அலை), நபி இஸ்மாயீல் (அலை) ஆகியோரின் கைகளில் இந்த அம்புகள் இருப்பதாகத் தீட்டிய உருவங்களைக் கண்டு, கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் கோபமுற்றார்கள். அவ்விருவரும் ஒருபோதும் அம்பெறிந்து குறி கேட்டதில்லை என்று சத்தியமிட்டுச் சொன்னார்கள். புகாரி ஷரீபில் வரும் செய்தி இது.

அதே நூலில் ஸுராக்கா பின் மாலிக் (ரலி) அவர்கள் தம் வாயாலேயே சொன்ன வரலாறும் இருக்கிறது. ஹிஜ்ரத்தின்போது அவர் இன்னும் இஸ்லாத்தைத் தழுவவில்லை. குறைஷிகள் அறிவித்த பரிசுக்கு ஆசைப்பட்டு, நாயகம் (ஸல்) அவர்களைக் குதிரையில் துரத்தினார். குதிரை இடறி வீழ்த்தியது. அம்பை உருவிப் பார்த்தார். அவர் விரும்பாத அம்பே வந்தது. அதை மீறி மேலும் துரத்தினார். குதிரையின் முன்னங்கால்கள் மணலில் புதைந்தன. மறுபடியும் உருவினார், மறுபடியும் விரும்பாததே வந்தது. அதன் பிறகே அபயம் கேட்டார்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அம்பு காட்டியது பலித்தது. 'சீட்டில் வந்தது அப்படியே நடந்ததே!' என்று வியப்போருக்கு இங்கே விடை இருக்கிறது. பலித்தபோதிலும் அது ஹராமாகவே ஆனது. மற்றொன்று, பிடிக்காத அம்பு வந்தபோது அவர் அதைக் கேட்கவில்லை. குறி கேட்போர் இயல்பு எக்காலத்திலும் இதுதான். மனத்துக்கு ஒத்து வந்தால் 'அடையாளம்' என்பர்; ஒத்து வராவிட்டால் இன்னொரு சீட்டு எடுப்பர்.

'உள்ளத்திடம் தீர்ப்புக் கேள் என்று ஹதீஸ் இல்லையா?' என்று சிலர் கேட்கிறார்கள். வாபிஸா (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வாறு கூறியது உண்மை. ஆனால் அது எதைப் பற்றி? எது நன்மை, எது பாவம் என்பதைப் பற்றி! முன்பின் அறியாத மாப்பிள்ளை நல்லவனா, கெட்டவனா என்பது உள்ளத்துக்கு எப்படித் தெரியும்? மறைவானவற்றை அல்லாஹ்வையன்றி வானத்திலும் பூமியிலும் எவரும் அறியார் என்று திருமறை (27:65) சொல்லும்போது, நம் உள்ளம் மட்டும் அதற்கு விலக்கா? சகுனம் பார்ப்பதைக் குறித்து முஆவியா பின் ஹகம் (ரலி) அவர்கள் வினவியபோது, அது மனிதர் தம் நெஞ்சில் உணரும் ஒன்றே, அது அவர்களைத் தடுத்துவிட வேண்டாம் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். தோன்றுவதைக் குற்றமென்று சொல்லவில்லை. அதற்குக் கட்டுப்பட்டு நிற்பதையே தடுத்தார்கள்.

பிள்ளைகளைக் கண்டிக்குமுன் நம் அலமாரியையும் திறந்து பார்க்க வேண்டும். பால் கிதாபைக் கண்ணை மூடி விரித்த கைகள் நம் வீடுகளில் இல்லையா? பதினாறாம் நூற்றாண்டுப் பாரசீக அரசவையில், படங்களைப் புரட்டிக் குறி பார்க்கவே 'பால்நாமா' என்ற பெரிய சித்திரப் புத்தகம் தயாரித்தார்களே, அவர்களும் கலிமாச் சொன்னவர்கள்தாம்! உம்மா விரித்தால் பரக்கத்து, மகள் விரித்தால் ஹராமா?

இதைவிட வருத்தம் தருவது, இஸ்திகாராவையே நாம் சீட்டுக்கட்டாக்கிவிட்டது. பச்சையோ வெள்ளையோ கனவில் வந்தால் நல்லது, கறுப்போ சிவப்போ வந்தால் கூடாது என்கிறார்கள். தாம் தொழாமல் ஹள்ரத்திடம் பணம் கொடுத்து, 'பார்த்துச் சொல்லுங்கள்' என்கிறவர்களும் உண்டு. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் கனவும் இல்லை, நிறமும் இல்லை. கருமத்தை நாடியவர் பர்ளு அல்லாத இரண்டு ரக்அத் தொழ வேண்டும். நீயே அறிந்தவன், நான் அறியேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இக்காரியம் என் தீனுக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நல்லதாயின் எளிதாக்கு, தீயதாயின் என்னை விட்டும் அதைத் திருப்பிவிடு என்று கேட்க வேண்டும். சீட்டு எடுப்பவள் தெரிந்துகொள்ள விரும்புகிறாள். இஸ்திகாராத் தொழுபவள் தெரியாது என்று சொல்லி, ரப்பிடம் ஒப்படைக்கிறாள்.

அத்தாய்க்கு நாம் எழுதியது இதுதான். குறிகாரனிடம் சென்று கேட்டவரின் தொழுகை நாற்பது இரவுகள் ஏற்கப்படாது என்ற ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸை மகளிடம் மறைக்க வேண்டாம். ஆனால் 'இனித் தொழுது என்ன பயன்?' என்று அவள் விட்டுவிடக் கூடாது. நன்மை கிடைக்காது என்பதே பொருள், கடமை நீங்காது என்று இமாம் நவவீ (ரஹ்) விளக்கியிருக்கிறார்கள். தவ்பாவின் வாசலோ திறந்தே இருக்கிறது. அடுத்து, அவள் 'வேண்டாம்' என்பதைச் சீட்டின் பேச்சென்று தள்ளிவிடவும் வேண்டாம். கன்னிப் பெண்ணின் அனுமதி பெறாமல் நிக்காஹ் செய்யலாகாது என்பது நபிமொழி. சீட்டை எடுப்பதற்கு முன்பே அவள் நெஞ்சில் ஏதேனும் அச்சம் இருந்ததா என்று, தனியே உட்கார வைத்து விசாரியுங்கள்.

மறுகடிதம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு நிச்சயம் நின்றுபோனதாக யாரோ சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது. உம்மாவிடம் கேட்கப் பயந்து, சீட்டிடம் கேட்டிருக்கிறாள். இப்போது தாய்மாமன் மாப்பிள்ளையின் ஊருக்கே போய் விசாரித்து வருகிறாராம். மகள் இஷாவுக்குப் பின் இரண்டு ரக்அத் தொழுது வருகிறாள். கனவு எதுவும் வரவில்லையென்று தாய் கவலைப்பட்டிருந்தார். மாமா திரும்பி வரட்டும் என்று பதில் எழுதியிருக்கிறோம்.