காக்க வேண்டிய நாளில் கைவிடும் காப்பு

பள்ளி விட்ட ஒரு மாலை நேரம். பாடியிலே, நாம் பாடம் சொல்லும் வகுப்பில் படிக்கும் மாணவன் ஒருவனின் தந்தை, கையிலே ஒரு கடிதத்துடன் நம்மைக் காண வந்தார். வண்டி உறுப்புகள் செய்யும் ஆலையொன்றிலே நெடுங்காலமாக உழைப்பவர். வங்கிக் கடன் பெற்றுச் சிறு வீடொன்றை வாங்கியவர். "எல்லாம் இங்கிலீசிலே இருக்கிறது சார், என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

படித்தோம். பணிவான சொற்கள், பளபளக்கும் தாள். சொல்லப்பட்ட செய்தியோ இதுதான்: வீட்டுக் கடனோடு சேர்த்து அவர் எடுத்திருந்த காப்பீட்டிலே, வேலையிழப்புக்கான பிரிவு இந்த ஆண்டுப் புதுப்பிப்பு முதல் நீக்கப்படுகிறது, மற்றப் பிரிவுகள் தொடரும்.

ஆலையிலே ஆட்குறைப்பு வரும் என்ற பேச்சு அடிபடுகிற வேளை அது. அவர் முகம் வாடிற்று. "ஒரு தடவைகூட நான் பணம் கேட்டதில்லையே, சார்! இத்தனை வருடம் கட்டியது எதற்கு?" என்றார்.

எதற்கு? அவர் கேட்ட அந்த ஒரு சொல்லுக்கு விடை தேடுவதே இக்கட்டுரை.

தோழர்களே, கம்பெனி சொல்லும் நியாயத்தை முதலில் கேட்போம். "ஆண்டுதோறும் செய்யப்படுவது தனித்தனி ஒப்பந்தம். கட்டிய ஆண்டுகளுக்குக் காப்பு அளித்தோம். அந்த ஆண்டுகளிலே அவர் வேலை இழக்கவில்லை. ஆகவே நாங்கள் கொடுக்கவில்லை. இனிமேல் எங்களால் இயலாது என்கிறோம். இதிலே ஏமாற்று எங்கே?" கணக்குப் புத்தகத்தைக் காட்டிக் கேட்கும் கேள்வி. காதில் விழும்போது சரியாகத்தான் தோன்றும்.

ஆனால் அந்த உழைப்பாளி வாங்கியது என்ன? பணமா? அன்று, அச்சமின்மை! "வேலை போனாலும் மூன்று மாதத் தவணை நிற்காது, அதற்குள் வேறு வழி தேடிக்கொள்ளலாம்" என்ற நெஞ்சுறுதி. அந்த உறுதியை நம்பித்தானே கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டார்? கடனோ பல ஆண்டுக் கடன். காப்போ கடனுக்குத் துணை என்று சொல்லி விற்கப்பட்டது. கடன் இருக்கும், காப்பு பறக்கும் என்று விற்ற அன்று உரக்கச் சொன்னவர் யார்? பொடி எழுத்திலே ஒளித்துவைத்த விதியைச் சொல்லப்பட்ட செய்தி என்று எப்படி ஏற்பது?

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். ஆபத்து நெருங்காத நாளிலே இக்காப்பை நீக்கியிருந்தால் வேறிடத்தில் வாங்கியிருப்பார். நெருங்கிய நாளிலே நீக்கினால் எவர் விற்பார்? ஆபத்து தொலைவில் இருந்தபோது பணம் பெற்றார்கள். அருகில் வந்தபோது அதை அவர் தோளிலேயே திரும்ப ஏற்றிவிட்டார்கள். அவர் கட்டியதற்குப் பெயர் காப்புக் கட்டணமா, நல்ல நாளுக்குச் செலுத்திய வரியா?

இந்தக் கடிதம் பாடிக்கு மட்டும் வந்ததன்று. வணிகத்தின் தாயகம் எனப்படும் இங்கிலாந்திலே, 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின் வேலையின்மை ஏறியபோது, வீட்டுக் கடன் தவணைக்குக் காப்பளித்த கம்பெனிகள் பழைய பாலிசிதாரர்களிடமே கட்டணத்தை உயர்த்தின, காப்பைக் குறைத்தன. நிதித் துறையின் மேற்பார்வை ஆணையம் குறுக்கிட்டது. ஒப்பந்தத்தை ஒருதலையாக மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தெளிவாகச் சொல்லாமல் விற்றுவிட்டு, பின்னர் அதைப் பயன்படுத்துவது முறையன்று என்று கேட்டது. 2009 அக்டோபரில் கம்பெனிகள் இணங்கின. பழைய பாலிசிதாரரிடம் கூடுதலாகப் பெற்றதைத் திருப்பித் தரவும், குறைத்த காப்பை மீட்டுத் தரவும் ஒப்புக்கொண்டன. அந்நாட்டு ஆணையம் புரட்சிக்காரர் கூட்டமன்று. அதற்கே அநீதி என்று பட்டது!

நம் நாட்டிலும் இந்த அறம் அறியாததன்று. ஆயுள் காப்பீடு எடுத்தவருக்குப் பின்னர் நோய் வந்தது என்பதற்காகப் பாலிசியைப் பிடுங்க முடியாது. மருத்துவக் காப்பீட்டை வாழ்நாள் முழுதும் புதுப்பிக்க இடம் தரவேண்டும் என்று 2013ஆம் ஆண்டு விதிகள் கட்டளையிட்டன. உடல் நலியும்போது கைவிடக் கூடாது என்றால், வேலை நலியும்போது மட்டும் கைவிடலாமா?

"எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் நிதி வற்றிவிடுமே!" என்பார்கள். இந்த வாதத்திலே உண்மை உண்டு. மறைக்க மாட்டோம். ஒரு வீடு தீப்பற்றினால் ஊரெல்லாம் பற்றுவதில்லை. ஆகவே பலர் கட்டிய பணம் ஒருவருக்கு உதவுகிறது. வேலையிழப்பு அப்படியன்று. கார் விற்பனை சரிந்தால் கார் ஆலை மட்டுமா முடங்கும்? திருகாணி செய்யும் பட்டறை, சக்கரம் செய்யும் ஆலை, தேநீர்க்கடை எல்லாம் சேர்ந்தே முடங்கும். ஆம், தனியார் கம்பெனி தாங்க முடியாத சுமைதான். ஆனால் தாங்க முடியாததை விற்றது ஏன்? விற்றுவிட்ட பிறகு, புதியவருக்கு விற்பதை நிறுத்தலாம். பழையவரிடம் கொடுத்த சொல்லை நிறுத்தலாமா?

தனி ஒருவர் தாங்க முடியாத சுமையைச் சமுதாயமே தாங்கவேண்டும் என்பதனால்தான், 1911இல் இங்கிலாந்து கட்டாய வேலையின்மைக் காப்பீட்டைச் சட்டமாக்கியது. தொழிலாளி, முதலாளி, அரசு ஆகிய மூவரும் நிதி தர, வேலை இழந்தவருக்கு வாரம் 7 ஷில்லிங், 15 வாரம் வரை. ஆனால் அரசின் கையும் நடுங்கியதுண்டு. 1931இல் மந்தம் முற்றியபோது அவ்வுதவித்தொகை பத்தில் ஒரு பங்கு வெட்டப்பட்டது. அதே ஆண்டு வந்த சட்டமொன்று, சந்தா கட்டிவந்த மணமான பெண்களில் பலரை உதவி பெறுவோர் வரிசையிலிருந்தே வெளியேற்றியது. மணமானதால் பசி போய்விடுமா? இல்லை, குரல் குறைந்தவர் மீதுதான் கத்தி முதலில் விழுகிறது.

இங்கே நம் நிலை என்ன? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த இ.எஸ்.ஐ.யைப் பாடியிலும் அம்பத்தூரிலும் அறியாத உழைப்பாளி இல்லை. அதிலே வேலையிழப்புக்கும் உதவி உண்டு. 2005இல் ஒரு திட்டம் வந்தது, 2018இல் மற்றொன்று. பின்னதன்படி, வாழ்நாளில் ஒரே முறை, 90 நாள் வரை, சராசரி ஊதியத்தில் 25 விழுக்காடு. பெருந்தொற்று வந்த 2020இல் அது 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஆபத்து வந்தபோது குறைக்காமல் கூட்டிய அச்செயலைப் பாராட்டுகிறோம். பொது நிதியால் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் அந்தக் கூரைக்கும் ஒரு விளிம்பு இருக்கிறது. 2017 சனவரியில் ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய் என வைக்கப்பட்டது. ஊதியம் அந்தக் கோட்டைத் தாண்டினால், நடப்பு அரையாண்டுச் சந்தாக் காலம் முடிந்ததும் சந்தா நின்றுபோகும். அதன்பின் காப்பும் கழன்றுபோகும். பத்தாண்டு கட்டியிருந்தாலும் சரி! நம் மாணவனின் தந்தை அப்படி வெளியே வந்தவர்தாம். ஊதிய உயர்வு அவரைப் பொதுக் காப்பிலிருந்து நீக்கியது. ஆட்குறைப்புப் பேச்சு அவரைத் தனியார் காப்பிலிருந்து நீக்கியது. ஏறினாலும் அடி, இறங்கினாலும் அடி!

விதி என்று சொல்லித் தலையில் கைவைத்திருந்த மனிதன், விதியை எதிர்க்கக் கண்ட கருவிகளிலே ஒன்று காப்பீடு. "உனக்கு வரும் துன்பத்தை நாம் பகிர்ந்துகொள்வோம்" என்று அறிமுகமில்லாத ஆயிரம் பேர் கணக்குப் போட்டுக் கைகோத்துக்கொண்ட ஏற்பாடு அது. பரிகாரமன்று, பகுத்தறிவு. ஆபத்து வரும் நாளில் அந்தக் கையை உதறிவிட்டால், மனிதனை மீண்டும் விதியின் காலடியிலே வீசுகிறோம் என்றுதானே பொருள்?

ஆகவே கேட்போம். கடனோடு விற்ற வேலையிழப்புக் காப்பு, கடன் தீரும்வரை பழைய பாலிசிதாரருக்கு நீக்கப்படலாகாது என்று சட்டம் வேண்டும். ஊதியம் உயர்ந்ததற்காக இ.எஸ்.ஐ.யின் வேலையிழப்புக் காப்பு ஒருவரைவிட்டு நீங்கலாகாது. அரசியல் சட்டத்தின் 41ஆவது பிரிவு, பொருளாதார ஆற்றலின் எல்லைக்குள் வேலையில்லாதவருக்கு அரசு உதவவேண்டும் என்று வழிகாட்டுகிறது. அந்த எல்லையை விரிக்கும் கடமை நம்முடையது. அதுவரையில், படித்த தோழர்களே, உங்கள் தெருவிலே ஒரு மாலையை ஒதுக்குங்கள். ஆங்கிலப் பொடி எழுத்தைத் தமிழிலே படித்துக்காட்டுங்கள், கையெழுத்திடுவதற்கு முன்பே!

அந்தத் தந்தைக்கு என்ன விடை சொன்னோம்? "நீங்கள் கட்டியது வீணில்லை" என்று பொய் சொல்ல நமக்கு நா எழவில்லை. கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். பழைய பாலிசிதாரரைக் கைவிடும் உரிமை ஒப்பந்தத்தின் எந்த வரியில் இருக்கிறது, விற்ற நாளில் அந்த வரி தமிழிலே சொல்லப்பட்டதா என்ற இரண்டே கேள்விகள். விடை இன்னும் வரவில்லை. அவரோ அடுத்த மாதத் தவணையைக் கட்டிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பது அவருக்குப் பழக்கம்.