பாவையும் பார்வையாளனும்

அழகான ஒன்றைப் பார்த்துவிட்டவனுக்கு அதன்பால் ஏதேனும் கடன் உண்டா என்ற கேள்வி கொஞ்ச நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. கேள்வி பழையதுதான். ஏதாவது ஒரு புத்தகத்தில் எதிர்ப்பட்டிருந்தால் ஓரத்தில் கோடிட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். அது ஒரு மலைப்பாதையில், கார் ஜன்னலுக்கு வெளியே, வாலாட்டிக் குருவி ஒன்றின் உருவில் எதிர்ப்பட்டதில்தான் சங்கடம்.

காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு, கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. எண் இருப்பதால் எண்ணத் தோன்றுகிறது. எண்ணத் தொடங்கியதும் மலை மறந்துபோய் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. தை பிறந்து நாலைந்து நாள். நண்பர்தான் கார் ஓட்டினார். கவிதை எழுதுகிறவர், இந்தப் பக்கங்களின் வாசகர்கள் அறிந்தவரே, பெயர் வேண்டாம். முப்பதைத் தாண்டிய ஏதோ ஒரு வளைவில், பாறையிலிருந்து கசிந்த நீர் சாலையோரம் சிறு குட்டையாகத் தேங்கியிருந்தது. அதன் விளிம்பில் குருவி. முதுகு சாம்பல், வயிறும் வாலடியும் மஞ்சள். உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளத்தில் ஒரு வால், ஓயாமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டு. நண்பர் வண்டியை ஓரங்கட்டிக் கண்ணாடியை இறக்கினார். "இமயமலைப் பக்கத்திலேருந்து வந்திருக்கு, பாருங்க" என்றார். கைபேசியை எடுத்து நீட்டியதும் அது ஒரு சிறு கூவலோடு பள்ளத்தில் இறங்கி மறைந்தது. திரும்பி வருமா என்று இரண்டு நிமிஷம் காத்திருந்தோம். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. கிளம்பினோம். "இன்னிக்கு இது போதும்" என்றார் நண்பர்.

அந்தப் 'போதும்' என் காதில் நின்றுவிட்டது. இருபது கிராம் எடை தேறாத ஜீவன். இமயச் சரிவுகளிலோ அதற்கும் வடக்கேயோ குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி நம் மலையோடைகளுக்கு இறங்கி வருகிறது. அந்தக் குட்டையில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் போய் நின்றதில் அதன் சாப்பாட்டில் இரண்டு நிமிஷம் கெட்டது, எங்களுக்கு ஒரு சாப்பாடு கிடைத்தது. இதைப் பெரிதுபடுத்துவது அபத்தம் என்று எனக்கும் தெரியும். நண்பரைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. நானும் எட்டித்தான் பார்த்தேன், எனக்கும் பரவசமாகத்தான் இருந்தது. ஆனால் பரவசத்துக்கு உரிமை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தொடங்கியபோது, இத்தனை வருஷமாக நான் விமர்சனம் என்ற பெயரில் எழுதிவந்தவற்றின் அஸ்திவாரமே கொஞ்சம் ஆடிற்று.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த காலத்தில் எனக்குப் பிடிபட்ட ஒரே தத்துவம் காண்ட் 1790இல் வெளியிட்ட நூலில் சொன்னது: அழகை உணர்வதில் வரும் ஆனந்தம் பற்றற்றது, பொருளை அடையவோ பயன்படுத்தவோ விரும்பாத ஆனந்தம். முழுதும் படித்தவனல்ல நான். பேராசிரியர் குறிப்பெடுக்கச் சொன்ன மட்டில் தெரியும். ஆனால் அது எனக்குப் போதுமானதாக இருந்தது. மீனவன் கொக்கைப் பார்த்தால் மீன் இருக்கும் இடம் நினைவுக்கு வரும், வேட்டைக்காரனுக்குக் கறி நினைவுக்கு வரும், கலைஞன் ஒருவனே கொக்கைக் கொக்காகப் பார்க்கிறான் என்று நானே எழுதியிருக்கிறேன். பயன் கலக்காத பார்வைதான் உயர்ந்தது, ஒழுக்க ரீதியாகவும் உயர்ந்தது என்பது நம் வட்டத்தில் விவாதிக்கப்படாமலே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். பிரச்சாரக்காரர்களோடு நாம் போட்ட சண்டைகள் எல்லாம் இதன் பலத்தில் போட்டவைதாம்.

இதே கொல்லிமலையைப் பற்றிச் சங்கக் கவிகள் வேறுவிதமாகக் கற்பனை செய்தார்கள். நற்றிணையிலும் குறுந்தொகையிலும் வரும் கொல்லிப்பாவை தெய்வம் வடித்த பதுமை. காற்று, மழை, இடி, நில நடுக்கம் எதற்கும் தன் வனப்பு குலையாதது. பிற்காலக் கதையில் அது சிரித்து மயக்கி, மயங்கியவனைக் கொல்லும். மலையில் தவம் செய்தவர்களுக்குக் காவலாக வைக்கப்பட்டது என்றும் சொல்வார்கள். இன்று எட்டுக்கை அம்மன் என்ற பெயரில் அதற்கு வழிபாடு நடக்கிறது. 1970களில் ராஜமார்த்தாண்டன் ஒரு சிறுபத்திரிகைக்கு இந்தப் பெயரை வைத்தபோது கலையின் வசீகரமும் அபாயமும்தான் மனதில் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். நான் இப்போது கவனிப்பது வேறொன்றை. அந்தக் கதையில் ஆபத்து அழகிடமிருந்து பார்ப்பவனை நோக்கி வருகிறது. பார்த்ததற்கு அவன் ஏதோ ஒன்றைக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது, அதுவும் கடைசி நாணயம் வரைக்கும். கொடூரமான கற்பனைதான். ஆனால் பார்த்துவிட்டு, 'போதும்' என்று சொல்லிவிட்டு, அடுத்த வளைவுக்குப் போகிற ஒருவனை அந்தக் கற்பனையால் நினைத்துப் பார்க்கவே முடிந்திருக்காது.

சில வருஷங்களுக்கு முன் வேடந்தாங்கல் போயிருந்தேன். ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். கரைமேல் நடைபாதை, கோபுரம், தொலைநோக்கி, பள்ளிப் பிள்ளைகளின் இரைச்சல். எல்லோரும் 'சைபீரியப் பறவை எது' என்று தேடிக்கொண்டிருந்தார்கள். வாஸ்தவத்தில் அங்கே மரங்களை அப்பிக்கொண்டு கூடு கட்டுகிறவற்றில் பெரும்பாலானவை நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் போல இந்த நாட்டுப் பறவைகளே; தூர தேசத்திலிருந்து வருபவை வாத்து இனங்கள் போலச் சிலதான். அயல்நாட்டு முத்திரை இருந்தால்தான் ஒன்றைத் திரும்பிப் பார்ப்பது என்ற பழக்கம் நம் இலக்கிய ரசனையில் மட்டும் இருப்பதாக அதுவரை நினைத்திருந்தேன்.

இந்த ஏரியைக் காப்பாற்றியவர்கள் ரசிகர்கள் அல்லர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, பறவைகளை யாரும் துன்புறுத்தக் கூடாது என்று ஒரு கௌல் எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. சர்க்கார் சரணாலயம் என்று அங்கீகரித்தது 1936இல்; ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 2022இல். ஊர்க்காரர்களின் காரணம் எளிமையானது. எச்சம் ஏரியில் கரைகிறது, அந்த நீர் வயலுக்குப் பாய்கிறது, நெல் நன்றாக விளைகிறது. பயன், சுத்தமான பயன். காண்ட் அனுமதிக்காத ஆனந்தம். அந்தப் பயன்தான் இருநூறு வருஷத்துக்கு மேலாகப் பறவைகளைக் காத்திருக்கிறது. ஏரியோடு அவை நின்றுவிடுவதும் இல்லை. இரை தேடிச் சுற்றிலும் உள்ள வயல்களுக்கும் ஏரிகளுக்கும் போய்த்தான் திரும்புகின்றன. கோபுரத்தில் நிற்பவன் கூட்டைப் பார்க்கிறான், இரை எடுக்கும் வயல் அவனுக்குத் தெரிவதில்லை. 2020இல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் சுற்றளவை 3 ஆகக் குறைக்க ஒரு யோசனை வந்து கடும் எதிர்ப்புக் கிளம்பியது. அழகைப் பார்க்க மட்டும் வருகிறவனுக்கு அந்த 2 கிலோமீட்டரால் எந்த நஷ்டமும் இல்லை.

இந்த இடத்தில் எதிர்க்கட்சியையும் சொல்லியாக வேண்டும். கோல்ரிட்ஜின் கிழ மாலுமி ஒரு காரணமும் இல்லாமல் பறவையைக் கொன்றவன். அவனுக்கு விமோசனம் தொடங்குவது கடலில் நெளியும் பாம்புகளைப் பார்த்து அவற்றின் அழகில் தன்னையறியாமல் நெஞ்சு நெகிழும்போதுதான். அங்கே எந்தப் பயனும் இல்லை, பார்வை மட்டும் இருக்கிறது, அது அவனை மாற்றுகிறது. ஆனால் அவன் எந்த நிலையில் பார்த்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். தாகத்தில் நாக்கு வறண்டு, கூட வந்தவர்கள் எல்லாம் செத்து விழுந்து, போக வழியில்லாமல் நிற்கிறவன் அவன். நம் சத்திமுற்றப் புலவரும் அப்படித்தான். மதுரையின் குளிரில் போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல் ஒடுங்கிக் கிடந்தவர், ஜோடியோடு பறந்துபோகும் செங்கால் நாரையைப் பார்த்துத் தன் வீட்டுக்காரிக்குச் செய்தி சொல்லி அனுப்புகிறார். நாரையின் அலகுக்கு அவர் ஒரு கிழங்கை உவமை சொன்னாரே, அவ்வளவு துல்லியமாகப் பறவையைப் பார்த்த கண் தமிழில் அபூர்வம். தெற்கே குமரிக்குப் போய் வடக்கே திரும்பும் என்ற வலசைக் கணக்கும் அதில் இருக்கிறது. பசியும் குளிரும் அந்தக் கண்ணை மங்கச் செய்யவில்லை, கூர்மையாக்கின என்றுதான் தோன்றுகிறது. நாரையிடம் அவருக்கு ஒரு காரியம் இருந்தது.

ஆக, பயனுள்ளவன் காப்பாற்றுகிறான், தேவையுள்ளவன் கூர்ந்து பார்க்கிறான், நம்மைப் போன்ற பற்றற்ற பார்வையாளன் ஜன்னலைத் திறந்து மூடுகிறான் என்று மலை ஏறி முடிப்பதற்குள் மனதுக்குள் ஒரு கட்டுரையே எழுதிவிட்டிருந்தேன். அதை அச்சுக்கு அனுப்பியிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். மேலே நடந்தது அதைக் கெடுத்துவிட்டது.

செம்மேட்டுக்கு அப்பால் மலை மடிப்புகளுக்கு இடையே தாழ்ந்த நிலங்களில் நெல் வயல்கள் உண்டு. மேட்டு நிலங்களில் சாமையும் தினையும் கேழ்வரகும் இருந்த இடத்தில் பெரும்பகுதி மரவள்ளி வந்துவிட்டது, கிழங்கு கீழே சேகோ ஆலைகளுக்குப் போகிறது. ஓடைக்கரைப் பள்ளம் மட்டும் இன்னும் நெல்லுக்கே இருக்கிறது. பத்திரிகைகள் இப்போது இவற்றையெல்லாம் சேர்த்து 'ஈரநிலம்' என்கின்றன. 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்துக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த வார்த்தையாக இருக்கும். வங்கியில் பயிர்க்கடன் மனுக்களில் நான் தினமும் எழுதும் வார்த்தை 'நஞ்சை'. அங்கே இருப்பவர்கள் 'வயல்' என்பதோடு சரி.

அறுத்து முடிந்த ஒரு வயலில் கால் பதியும் அளவுக்கு நீர். வெள்ளைக் கொக்குகள் ஏழெட்டு. ஓடை ஓரமாக நாங்கள் கீழே பார்த்த அதே இனத்துக் குருவிகள் மூன்று. வரப்பில் மண்வெட்டியோடு ஒரு பெரியவர். நண்பர் குருவியைக் காட்டிக் கேட்டார்.

"அறுப்பு முடிஞ்சா வருமுங்க சார். பனி விட்டா போயிரும்."

"எங்கேருந்து வருதுன்னு தெரியுங்களா?"

"அதுக்கும் ஒரு ஊரு இருக்குமுங்களே" என்றார் பெரியவர். நான் இதுவரை கேட்ட பறவை இயல் எல்லாவற்றையும்விட இந்த ஒரு பதில் எனக்குப் பிடித்தது. எங்கள் தொழில் பற்றி விசாரித்தார். நான் வங்கி என்றதும் முகம் மாறிற்று. மூத்த மகன் ஒரு யோசனையோடு இருக்கிறானாம். வருகிற கார்க்காரர்கள் தங்குவதற்கு நாலு ரூம் கட்டலாம். சாலைக்குப் பக்கமாக இருப்பதும், சமமாக இருப்பதும் இந்த வயல்தான். மண் அடித்து மேடாக்கிவிட்டால் போதும். "பேங்கில கடன் குடுப்பாங்களா சார்?"

நண்பருக்குத் தாங்கவில்லை. "கட்டாதீங்க பெரியவரே. இந்த அழகெல்லாம் போயிடும்" என்றார்.

பெரியவருக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். "நீங்க நாளைக்குப் போயிருவீங்களே சார்."

என்னுடைய கட்டுரை அங்கேயே விழுந்தது. பயன் காப்பாற்றும் என்று நினைத்தேன். வேடந்தாங்கலில் பயன் எச்சத்தின் உருவில் வந்தது, இங்கே எங்கள் உருவில் வந்திருக்கிறது. குருவியைப் பார்க்க ஏறி வந்த கார்தான் குருவியின் வயலுக்கு விலை வைத்திருக்கிறது. பெரியவரை யார் எதைச் சொல்லித் தடுக்க முடியும்? பக்தி சில இடங்களில் தடுத்திருக்கிறது. பக்கத்தில் அறப்பளீசுவரர் கோயில் ஆற்று மீன்களுக்குப் பொரி போடுகிறார்களே ஒழிய யாரும் பிடிப்பதில்லை. வாலாட்டிக்கு அப்படி ஒரு கடவுள் இல்லை. நெல் விலையையும் அவர் வயிற்றையும் அறியாத ஒருவன், அழகு போய்விடும் என்று சொல்வதற்கு என்ன அர்த்தம்? நண்பர் மனசாரத்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்துக்காக நாங்கள் இருவரும் கையைவிட்டுக் கொடுக்கத் தயாராக இருந்தது ஒன்றும் இல்லை. சாயங்காலம் தங்குவதற்கு அறை தேடி நாலு இடம் அலைந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பங்குனியில் அந்த மகன் எங்கள் கிளைக்கே வந்தார். தகப்பனார் என்னை அடையாளம் சொல்லி அனுப்பியிருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், மரியாதையான பையன். எந்தப் பாரம், எந்தெந்த நகல்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் என்ன வாங்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். நிலத்தின் வகை என்ற இடத்தில் 'நஞ்சை' என்று எழுதினால் கட்டடத்துக்குக் கேள்வி வரும், அதற்கு முதலில் வேறு அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அதைச் சொன்னது அவருக்கு உதவவா, அவரைத் தடுக்கவா என்று எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை. அவர் உதவி என்றே எடுத்துக்கொண்டார். வாசல் வரை கூடப் போனபோது, வயலில் அந்தக் குருவிகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். எந்தக் குருவி என்று ஒரு கணம் விழித்துவிட்டு, "அதுங்களா சார்? பனி விட்டதும் போயிருச்சுங்க" என்றார்.