வாயில்லா ஜீவனின் ஹக்கும் மனநோய் மருந்தும்



அல்லாஹ்வின் நல்லடியார்களே! பார்மஸி படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு மஸ்அலா கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் புதிய சேர்மம் தயாரித்தால் முதலில் எலிக்குக் கொடுத்துப் பார்க்கிறோம். இது கூடுமா?"

முதலில் அந்தச் சோதனையை விளங்கிக்கொள்ளுங்கள். ஏறி வெளியே வர முடியாத கண்ணாடி ஜாடியில் தண்ணீர் நிரப்பி, சுண்டெலியை ஆறு நிமிடம் விடுகிறார்கள். அது நீந்தும், தப்பிக்கப் பார்க்கும், பிறகு அசையாமல் மிதக்கும். மருந்து கொடுத்த எலி கூடுதல் நேரம் நீந்தினால் அந்தச் சேர்மத்தில் பலன் இருக்கலாம் என்று கொள்கிறார்கள். 1977-இல் போர்சோல்ட் என்பவர் கொண்டுவந்த முறை இது. பதற்றத்துக்கு வேறு சோதனை. கூட்டல் குறி வடிவில் உயரமான பாதை. இரண்டு பக்கம் சுவர் உண்டு, இரண்டு பக்கம் இல்லை. பயந்த எலி சுவருக்குள்ளேயே ஒதுங்கும்.

கவனியுங்கள்! எலிக்கும் அச்சம் உண்டு என்பதை வைத்துத்தான் இந்தச் சோதனையே நிற்கிறது. அபூதாவூதில் ஒரு செய்தி வருகிறது. ஒரு பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை பதறிச் சிறகடித்தது. நபி (ஸல்) அவர்கள் அதைப் பார்த்ததும், அதன் மனத்தை நோகச் செய்தது யார் என்று விசாரித்து, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு பறவையின் பதற்றத்துக்கே அந்த மதிப்பு!

அப்படியானால் சோதனை ஹராமா? இல்லை. மனித உயிரைக் காக்கும் மருந்து உண்மையான தேவை. ஆனால் தேவைக்காக அனுமதிக்கப்பட்டது தேவையின் அளவோடு நிற்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் சட்டம். வேறு வழி இருந்தால் அதையே எடுக்க வேண்டும். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். வேதனையைக் குறைக்க வேண்டும். 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு அறிஞர்களும் இந்த மூன்றையே எழுதினார்கள். நம் நாட்டிலும் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். எலி மிதப்பது மனச்சோர்வுதானா, சக்தியைச் சேமிப்பதா என்று ஆய்வாளர்களே விவாதிக்கிறார்கள். ஆகவே பிள்ளைகளே, தீஸிஸ் பக்கத்தை நிரப்புவதற்காக ஒரு ஜீவனை வதைக்காதீர்கள். ஆறு எலி போதும் என்றால், ஏழாவது எலிக்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டும்.

இனி நமக்கு. மனச்சோர்வு வந்தவரைப் பார்த்து "ஈமான் பலவீனம்" என்கிறோம். யஃகூப் (அலை) அவர்கள் மகனுக்காக அழுது பார்வையையே இழந்தார்கள். அவர்களுக்கா ஈமான் குறைவு? கவலையிலிருந்து பாதுகாப்புத் தேடி நபியவர்களே துஆ செய்தார்கள். நோய்க்கு மருந்து செய்யவும் சொன்னார்கள். துஆவும் வேண்டும், டாக்டரும் வேண்டும். ஊர் பேசும் என்று வெட்கப்பட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதற்குப் பின்னால் வாயில்லா ஜீவன்களின் வேதனை இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள். உங்கள் வீட்டில் ஒருவர் பேசாமல் ஒடுங்கிக் கிடந்தால் இன்றே அவர் அருகில் போய் உட்காருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவையும், நம் உள்ளங்களில் எல்லா உயிர்கள் மீதும் இரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.