எய்தவன் கடமை: கோலார் தங்கவயற் சூழலை முன்வைத்து வேட்டையறம் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

வேட்டை பற்றிய அறவிசாரணை தமிழில் பெரும்பாலும் கொல்லலாமா, கொல்லலாகாதா என்னும் ஒரு வினாவோடு நின்றுவிடுகின்றது. கொல்லாமையை அறங்களுள் முதலாவதாக வைக்கும் திருக்குறள் ஒருபுறம் நிற்கின்றது; வேட்டையில் வீழ்த்திய மானின் தசையைப் பசித்து வந்தோர்க்குப் பகிர்ந்தளித்த கண்டீரக் கோப்பெருநள்ளியைப் போற்றும் புறநானூற்றின் 150ஆம் பாடல் மறுபுறம் நிற்கின்றது. இவ்விரு நிலைகளையும் எதிரெதிர் நிறுத்தி வாதிடுவோர் இடையிலுள்ள ஒரு வினாவைக் கருதுவதில்லை. எய்யப்பட்ட விலங்கு வீழாமல், காயத்தோடு தப்பிச் செல்லுமாயின், அதற்குப் பின் நிகழ்வனவற்றுக்கு யார் பொறுப்பு என்பதே அவ்வினா. கோலார் தங்கவயலையும் அதனைச் சூழ்ந்த காட்டுப் பகுதியையும் களமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தங்கவயலும் துப்பாக்கியும்

கருநாடகத்தின் கிழக்கெல்லையில், தமிழ்நாடும் ஆந்திரமும் அணுகி நிற்கும் இடத்தில் அமைந்தது கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் குழுமம் இங்குத் தடம் பதித்தபின் ஆழ்சுரங்கத் தொழில் பெருகியது. வடஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர், அவருள்ளும் பெரும்பான்மையாக ஒடுக்கப்பட்ட மக்கள், நிலத்தடியில் உழைத்தனர். ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் மேற்பார்வைப் பதவிகளில் அமர்ந்தனர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற இவ்வூரைச் ‘சிறிய இங்கிலாந்து’ என வழங்கும் மரபும் உண்டு.

இவ்வூரின் சமூக அடுக்கு துப்பாக்கியிலும் வெளிப்பட்டது. 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும் என விதித்தது. அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகள் ஐரோப்பியர்க்கு விலக்களித்தன. இனத்தை அடிப்படையாகக் கொண்ட இவ்விலக்குகள் பின்னர் நீக்கப்பட்ட போதிலும், சுடுபவர் ஒருவர், விலங்கைக் கலைத்து விரட்டுபவர் வேறொருவர் என்னும் தொழிற்பிரிவு வேட்டையில் நெடுங்காலம் நிலைத்தது. வேட்டையறத்தை ஆராய்வோர் இப்பிரிவை மறத்தலாகாது. ஏனெனில் பிழைத்த குண்டின் விலையைச் செலுத்தியவர் பெரும்பாலும் அக்குண்டைச் சுட்டவர் அல்லர்.

தங்கவயலுக்குத் தென்மேற்கே ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிக் காடுகள் உள்ளன. பெங்களூரைச் சேர்ந்த வேட்டையாளரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன் (1910–1974) தம் நூல்களில் விரிவாக எழுதிய நிலம் இது. 1954இல் வெளிவந்த அவரது முதல் வேட்டை நூலில் ஜவளகிரியின் ஆட்கொல்லிப் பெண்புலி இடம்பெறுகின்றது. அப்புலி இயல்பிலேயே மனிதரைக் கொன்றதன்று. துணையை இழந்து அலைந்த அது, பயிற்சி குறைந்த ஒருவர் சுட்ட குண்டால் காயமுற்றுத் தப்பியது; அதன் பின்னரே ஆட்கொல்லியாக மாறியது என்பது ஆண்டர்சன் தரும் செய்தி. சுட்டவர் தம் இருப்பிடம் திரும்பினார். காட்டோரச் சிற்றூர்களில் வாழ்ந்தோர் உயிரிழந்தனர்.

வடக்கே குமாவுன் மலைப்பகுதியிலும் இதனையொத்த செய்தி உண்டு. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907இல் ஜிம் கார்பெட் சுட்டு வீழ்த்தினார். அதன் வலப்பக்க மேல், கீழ்க் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. இயல்பான இரையை வீழ்த்த இயலாமற் போனமைக்கு அவர் கண்ட காரணம் அதுவே. கவனமின்றிச் சுடுதலும், காயமுற்ற விலங்கைப் பின்தொடர்ந்து சென்று முடிக்காமல் விடுதலும் ஆட்கொல்லிகள் உருவாவதற்குரிய காரணங்களுள் அடங்கும் என்று 1944இல் வெளிவந்த தம் நூலின் முன்னுரையில் அவர் எழுதினார்.

தோட்டாத் தேர்வும் அறமும்

எந்த விலங்கை எந்தத் தோட்டாவால் சுடுவது என்பது வெறும் தொழில்நுட்பச் செய்தி போலத் தோன்றும். ஆயின் அதனுள் ஓர் அறக்கணக்கு உள்ளது. ஆண்டர்சன் பயன்படுத்திய .405 வின்செஸ்டர் ரைபிளின் குண்டு 300 கிரெயின், அதாவது ஏறத்தாழ 19 கிராம் எடையுடையது. பெருவிலங்கை அண்மையில் எதிர்கொள்வதற்கு ஏற்றது அது. இதற்கு மறுதலையாக, பல சிறு ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கியால் தொலைவிலுள்ள மானைச் சுட்டால், ஒன்றிரண்டு ரவைகள் தோலைத் துளைத்து உள்ளே தங்கும்; மான் ஓடிவிடும்; சீழ் வைத்துச் சில நாட்களில் மறைவிடத்தில் இறக்கும். சுட்டவர் ‘குறி தப்பியது’ என்று எண்ணிச் செல்வார். உண்மையில் தப்பியது குறியன்று, பொறுப்பு.

இங்கிலாந்து, வேல்சுக்குரிய 1991ஆம் ஆண்டின் மான் சட்டம் இக்கணக்கைச் சட்டமாகவே ஆக்கியுள்ளது. மான் வேட்டைக்குரிய ரைபிளின் விட்டம் .240 அங்குலத்திற்கோ, குழல்வாய் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்கோ குறையலாகாது. குண்டு மென்முனை அல்லது குழிமுனை உடையதாக இருத்தல் வேண்டும் என்பது அதன் பொதுவிதி. இத்தகு குண்டு உடலுள் புகுந்ததும் விரிந்து, தன் ஆற்றல் முழுவதையும் அங்கேயே செலுத்தி விரைவில் உயிர்போக்கும். கடினமுனைக் குண்டோ சிறுதுளையிட்டு ஊடுருவிச் சென்றுவிடக் கூடும்.

இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையின் பெயரால் அறியப்பட்ட விரிகுண்டைப் போரில் பயன்படுத்தலாகாது என 1899ஆம் ஆண்டின் ஹேகு அறிக்கை விலக்கியது. மனிதருக்குக் கொடுமை என விலக்கப்பட்ட அதே வகைக் குண்டு, மானுக்கு இரக்கம் என விதிக்கப்படுகின்றது. முரணுக்குக் காரணம் நோக்க வேறுபாடே. போரில் எதிரியைச் செயலறச் செய்தல் போதும் எனக் கருதப்பட்டது. காயமுற்றவன் மருத்துவம் பெற்று மீளலாம். காயமுற்ற மானுக்கு மருத்துவமனை இல்லை. எனவே காயத்தை எவர் ஆற்றுவர் என்னும் வினாவே ஆயுதத்தின் அறத்தை முடிவு செய்கின்றது எனலாம்.

இதனைத் தமிழ் மரபோடு ஒப்பிட்டுக் காணலாம். முயலை வீழ்த்திய அம்பினும் யானையைத் தப்பிய வேலை ஏந்துதல் இனிது என்பது 772ஆம் குறளின் கருத்து. படைச்செருக்கு என்னும் அதிகாரத்தில் இடம்பெறும் இக்குறள் போர்வீரனின் உள்ளத்து உயர்வைச் சுட்டுவது. வேட்டைக்கு விதி கூறுவதன்று. அதனை வேட்டைக்கு அப்படியே பொருத்தினால் பிழைத்த வேலே பெருமையாகிவிடும். தலையையும் தோலையும் சுவரில் மாட்டுவதற்காக ஆற்றலுக்கு மீறிய விலங்கைச் சுடும் மனப்பான்மை அத்தகையதே. வல்வில் ஓரியின் ஓரம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்ததாக வன்பரணர் பாடும் புறநானூற்றின் 152ஆம் பாடலும் வீரத்தின் மிகைப்புனைவே. ஆயினும் ஓரம்பு எய்தவன் நோக்கிய இலக்கோடு நிற்பதில்லை என்னும் உண்மை அப்புனைவிலும் பொதிந்துள்ளது. ஓரிக்குப் புகழாக அமைந்த அவ்வியல்பு, பிறர் கையில் தீங்காகவும் அமையக்கூடும்.

கெடுதி வினாதல்

அகப்பொருள் மரபில் ‘கெடுதி வினாதல்’ என்னும் கூற்றுநிலை உண்டு. தலைவன், தான் எய்த விலங்கு இவ்வழி வந்ததோ எனத் தலைவியையும் தோழியையும் வினவுவான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் இந்நிலை காணப்படுகின்றது. திருக்கோவையாரில் வேழம் வினாதல், கலைமான் வினாதல் எனத் தனித்தனித் துறைகளாகவே விரிகின்றது. தலைவன் கேட்பது உண்மையில் விலங்கையன்று. தலைவியை அணுகுதற்குரிய பொய்க்காரணம் அது என்பதை இலக்கணநூலார் அறிவர்.

ஆயினும் ஒரு பொய் ஏற்கப்பட வேண்டுமாயின், அது உலகியலில் மெய்யாக நிகழ்வதாக இருத்தல் வேண்டும். அம்பு தைத்த விலங்கைத் தேடி ஒருவன் வேற்றுப்புனம் வரை வருவது இயல்பு எனக் கருதப்பட்டமையால்தான் தலைவனின் கூற்று கேட்போரால் உடனே தள்ளப்படாமல் நிற்கின்றது. எய்த விலங்கைப் பின்தொடர்தல் வேட்டுவன் வழக்கம் என்னும் எண்ணம் இத்துறைக்கு அடிப்படையாக உள்ளமை இதனால் புலனாகின்றது. தசையை இழக்க மனமின்மையே அத்தேடலுக்குக் காரணம் என்று கூறலாம். காரணம் எதுவாயினும், காயமுற்ற உயிர் கவனிப்பாரற்று விடப்படாமைக்கு அவ்வழக்கம் துணையாயிற்று. பொழுதுபோக்கு வேட்டையில் அத்தேவையும் இல்லை. எனவே அங்குப் பின்தொடர்தல் அறவுணர்வை மட்டுமே நம்பி நின்றது. அவ்வுணர்வு இல்லாத இடத்தில் ஜவளகிரி நிகழ்ந்தது.

ஒலியை நம்பி எய்தல்

எய்தபின் உள்ள கடமை போன்றே எய்வதற்கு முன்னும் ஒரு கடமை உண்டு. இலக்கு எது என அறிதலே அது. தயரதன் இருளில் நீர் முகக்கும் ஒலியை யானை நீர் பருகும் ஒலி எனக் கருதி எய்து, முனிவரின் மகனைக் கொன்றான். இராமகாதையின் பெருந்துயர் இப்பிழையிலிருந்தே தொடங்குகின்றது. அவனுக்கு வில்லாற்றலில் குறைவில்லை. ஒலி வந்த இடத்தில் அம்பு சரியாகவே தைத்தது. அறியாமல் எய்தமையே அவன் குற்றம்.

இக்காலத்தில் அவ்வொலியின் இடத்தை வதந்தி பெற்றுள்ளது. ஊரை ஒட்டிய புதர்க்காட்டில் ‘புலியைக் கண்டோம்’ என்னும் சொல் பரவியதும் தடியும் தீப்பந்தமும் திரள்கின்றன. பேச்சு வழக்கில் ‘புலி’ என்னும் சொல் வேங்கையையும் சிறுத்தையையும் ஒருங்கே குறிக்கின்றது. ‘சிறுத்தை’ என்பது சிவிங்கிக்கும் வழங்குகின்றது. 2022 செப்டம்பரில் ஆப்பிரிக்கச் சிவிங்கிகள் குனோவிற்குக் கொண்டுவரப்பட்டபோது தமிழ் இதழ்களில் பெயர்க்குழப்பம் வெளிப்பட்டது. நீண்ட கால்களும் வளையமிட்ட குறுவாலும் உடைய காட்டுப்பூனை, மங்கிய ஒளியில் சிறுத்தைக் குட்டியாகத் தோன்றுவது எளிது. சட்டப் பாதுகாப்புப் பெற்ற அச்சிறு விலங்கு பெயர்ப்பிழையால் உயிரிழக்க நேரிடும். சொல்லைப் பிரித்தறியாமை இங்கே மொழிக்குறை மட்டுமன்று, அறக்குறையும் ஆகும்.

இங்கிலாந்தின் பாட்மின் மூர் பகுதியில் கரும்பெரும்பூனை உலவுவதாகப் பரவிய செய்தியை அந்நாட்டு வேளாண் அமைச்சகம் 1995இல் ஆராய்ந்தது. சரிபார்க்கத்தக்க சான்று இல்லை எனவும், அதனால் இல்லவே இல்லை என நிறுவவும் இயலாது எனவும் முடிவு கூறியது. அளந்து கூறிய இம்முடிவு கருதத்தக்கது. எனினும் மெய்யாகவே சிறுத்தை வாழும் தக்காணத்தில் வதந்தியை எள்ளி ஒதுக்குதலும் தவறாகும். ஆடு மேய்க்கும் சிறுவனின் அச்சம் கற்பனையன்று. சுவடு, எச்சம், இரையின் மேலுள்ள பற்குறி ஆகியவற்றை நோக்கிய பின் பேசுவதே நடுநிலை. கேட்டதைக் கண்டதாகக் கூறுபவனும் ஒருவகையில் ஒலியை நம்பி எய்பவனே.

தடைக்குப் பின்

1972 தங்கவயலின் சுரங்கங்கள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் கீழ் வந்த ஆண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டும் அதுவே. தக்காணத்துப் புல்வெளிக்குரிய இரலை அச்சட்டத்தின் முதற்பட்டியலில் இடம்பெற்றது. 1991ஆம் ஆண்டின் திருத்தம் பொழுதுபோக்கு வேட்டைக்கு இருந்த எஞ்சிய வாயில்களையும் அடைத்தது. மனித உயிருக்கு இடராகிய விலங்கைப் பிடிக்கவோ, வேறு வழியில்லாதபோது கொல்லவோ எழுத்து வழி ஆணை வேண்டும். தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்துடன் கொல்லுதல் குற்றமாகாது. கொடியவரை அரசன் ஒறுத்தல் களையெடுத்தலை ஒக்கும் என்னும் 550ஆம் குறளின் கருத்தை இவ்விதியோடு ஒப்பிடத் தோன்றும். ஆயின் காயத்தால் ஆட்கொல்லியான விலங்கைக் கொடியவர் வரிசையில் வைத்தல் பொருந்தாது. அதன் கொடுமைக்கு மூலம் மனிதன் கையில் உள்ளது.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சட்டப்படியான வேட்டையும் இன்றில்லை. ஆயினும் காயம் நின்றபாடில்லை. வேலியில் மறைத்த கம்பிக் கண்ணி, திருட்டு மின்வேலி, பழத்தினுள் வைக்கும் அவுட்டுக்காய் ஆகியவை நாட்டின் பல பகுதிகளில் துப்பாக்கியின் இடத்தைப் பிடித்துள்ளன. பன்றிக்கு வைத்தது யானையின் வாயைச் சிதைக்கின்றது. இக்கருவிகளில் எய்பவனே இல்லை. இலக்கை அறிதலும் இல்லை, பின்தொடர்தலும் இல்லை. வேட்டுவன் மேற்கொள்ள வேண்டிய கடமைகள் அனைத்தும் நீங்கி, கொலை மட்டும் எஞ்சிய நிலை இது.

‘நன்றாகக் கொல்லும் விதிகளை வகுத்தல் கொலைக்கு ஒப்புதல் தருவதாகாதா?’ என்னும் தடையை இங்கு எதிர்கொள்ள வேண்டும். தடை வலிமையுடையது. துல்லியமான குண்டு மானின் உயிருக்கு உரிமை தந்துவிடாது. கொல்லாமை நோன்பினர்க்கு எத்தோட்டாவும் ஒன்றே. எனினும் கொல்லாமையை ஏற்காத உலகில், கொடுமையின் அளவைப் பொருட்படுத்தாமல் இருப்பது அறமாகாது. பாண்டுவைச் சபித்த கிந்தம முனிவர், மானைக் கொன்றமைக்காக அவனைப் பழிக்கவில்லை; புணர்ச்சிக் காலத்தில் எய்தமையையே பழித்தார் என்பது பாரதக்கதை. கொலைக்கு இடந்தந்த மரபும் அதற்குள் எல்லை வகுத்தது என்பதற்கு இது சான்றாகும்.

முடிவுரை

இலக்கை அறிதல், ஆயுதத்தின் ஆற்றலை அறிதல், காயமுற்றதைப் பின்தொடர்தல் ஆகிய மூன்றும் எய்தவன் கடமைகள் என்பது இவ்வாய்வால் பெறப்படுகின்றது. இம்மூன்றும் கொலையை நியாயப்படுத்துவன அல்ல. கொலையோடு ஒட்டிவரும் பொறுப்பைச் சுட்டுவன. அம்பு நாணை விட்டு நீங்கியதும் எய்தவன் கை வெறுமையாகின்றது. பொறுப்போ அம்பு தைத்த உடலோடு ஓடிக்கொண்டே இருக்கின்றது. சுட்டவர் ஒருவராகவும் உயிரிழந்தவர் வேறொருவராகவும் அமைந்த ஜவளகிரி இதனை உணர்த்துகின்றது. வேட்டை சட்டத்தால் முடிந்துவிட்டது என்று கருதுவோரும், கண்ணி வைத்துவிட்டு வீடு திரும்பும் இரவிலும், காணாத புலியைக் கண்டதாகக் கூறும் பொழுதிலும், இக்கடமைகளுக்கு உட்பட்டவரே ஆவர்.